தகடும் ரேகையும்

1

எழுத்தாள நண்பர்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்த ஒரு மாலையில் நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று கேட்டார்கள். ‘ஸ்டீரியோடைப்புகளும் சமூக மாற்றமும்’ என்றேன். ஒருவர் சிரித்துவிட்டு, “வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைப் படிக்கிறீர்களாக்கும்” என்றார். இன்னொருவர், கொஞ்சம் பொறுமைசாலி, எனக்கு விளக்கினார். ஸ்டீரியோடைப் என்பது மட்டமான கலைக்கு வரும் வியாதி. நல்ல கலை தனிமனிதனைக் காட்டுகிறது. தனிமனிதன் கண்ணில் பட்ட கணத்தில் ஸ்டீரியோடைப் கரைந்துவிடுகிறது. ஆகவே இதற்கு ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், நல்ல சிறுகதை போதும். மூன்றாமவர் முற்போக்கு முகாமில் இருந்து வந்தவர். அவருக்கும் ஆராய்ச்சி தேவைப்படவில்லை. உற்பத்தி உறவுகள் மாறினால் மனசில் இருக்கும் பிம்பங்களும் தாமாக மாறும் என்றார். ஒருவர் கலையிடமும் மற்றவர் சரித்திரத்திடமும் வேலையை ஒப்படைத்துவிட்டு டீ குடித்தார்கள்.

அன்று நான் பதில் சொல்லவில்லை. மாணவனுக்கு உரிய அடக்கம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டிருப்பார்கள். உண்மையில் அப்போது என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. அவர்கள் இருவரும் தவறு. எனக்குப் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகமும் தவறு. அந்தப் பட்டத்துக்காக நான் எழுதிய முந்நூற்றுச் சொச்சம் பக்கங்களில் பெரும்பகுதியும் தவறு. இந்த நான்கு தவறுகளுக்கும் அடியில் இருப்பது ஒரே அனுமானம்: ஸ்டீரியோடைப் என்பது மண்டைக்குள் இருக்கும் ஒரு படம் என்பது.

2

படம் என்று சொன்னவர் வால்டர் லிப்மன். 1922இல் ‘பப்ளிக் ஒப்பீனியன்’ என்ற புத்தகத்தில் இந்தச் சொல்லைச் சமூகச் சிந்தனைக்குள் கொண்டுவந்தார். உலகம் பெரியது, சிக்கலானது, நம்மால் முழுக்கப் பார்க்க முடியாதது. ஆகவே தலைக்குள் படங்களை வைத்துக்கொண்டு அவற்றின் வழியாகப் பார்க்கிறோம் என்றார். இது கவனத்தைச் சிக்கனப்படுத்தும் ஏற்பாடு மட்டுமல்ல, நம் சமூக ஸ்தானத்தைக் காத்துக்கொள்ளும் அரணும்கூட என்றும் அவரே சொல்லியிருக்கிறார். பின்னால் வந்தவர்கள் அரணை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் லிப்மன் கடன் வாங்கிய சொல் படத்தைப் பற்றியது அல்ல. அது அச்சகத்துச் சொல். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்ஸில் அச்சுத் தொழில் செய்த ஃபிர்மான் திதோ இட்ட பெயர். கையால் கோத்த எழுத்துகளின் மேல் அச்சுப் பதித்து, அதில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஒரு முழுப் பக்கத்தையும் ஒரே தகடாக வார்த்துவிடுவது. ‘கிளீஷே’ என்று நாம் விமர்சனத்தில் வீசி எறிகிற சொல்லும் பிரெஞ்சு அச்சகத்தில் இதே தகட்டுக்கு வழங்கியதுதான்.

கையால் எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்துச் சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இதில் விளக்கவேண்டியது ஒன்றுமில்லை. கோத்த பாரத்தை அச்சடித்து முடித்ததும் எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டாக வேண்டும். அடுத்த பாரத்துக்கு அவைதான் வேண்டும். மறுபடி அதே பக்கம் வேண்டுமென்றால் மறுபடி கோக்க வேண்டும். கோக்கும்போது ஒரு சொல்லை மாற்றலாம், பிழையைத் திருத்தலாம், எழுதியவனுக்கு மனசு மாறியிருந்தால் பத்தியையே எடுத்துவிடலாம். தகடு வார்த்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. கோத்தவன் போய்விடலாம், எழுதியவன் செத்துப்போகலாம், படிக்கத் தெரியாத ஒருவன்கூட மெஷினில் வைத்து ஓட்டலாம். பக்கம் அச்சாகிக்கொண்டே இருக்கும்.

நான் சொல்லவருவது இதுதான். ஸ்டீரியோடைப் நீடித்திருக்க யாரும் அதை நம்பவேண்டிய அவசியம் இல்லை. தகடு பத்திரமாக ஓர் இடத்தில் இருக்க வேண்டும். மெஷினை மிதிக்க ஒரு கால் வேண்டும். அவ்வளவே. படம் என்று வைத்துக்கொண்டால் அதை யார் நம்புகிறார்கள், எத்தனை பேர் நம்புகிறார்கள், எவ்வளவு அழுத்தமாக நம்புகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்போம். தகடு என்று வைத்துக்கொண்டால் வேறு கேள்விகள் வரும். வார்த்தது யார்? எங்கே வைத்திருக்கிறார்கள்? சாவி யாரிடம் இருக்கிறது? முதல் ரகக் கேள்விகளைக் கேட்பதற்குத்தான் எனக்கு உதவித்தொகை கிடைத்தது.

3

அந்த முதல் ரகக் கேள்விகளின் வம்சாவளி எனக்கு மனப்பாடம். 1933இல் காட்ஸ், பிரேலி என்ற இருவர் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 100 மாணவர்களிடம் 84 குணப்பெயர்களைக் கொடுத்தார்கள். ஜெர்மானியர், யூதர், நீக்ரோக்கள், துருக்கியர் என்று பத்து இனங்களுக்கு அவற்றில் எவை பொருந்தும் என்று குறிக்கச் சொன்னார்கள். நீக்ரோக்கள் மூடநம்பிக்கை உள்ளவர்கள் என்று 84 சதவீதம் பேர் குறித்தார்கள். சோம்பேறிகள் என்று 75 சதவீதம். 1951இல் கில்பர்ட் இதையே மறுபடி செய்தார். மூடநம்பிக்கை 41 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. இப்படியெல்லாம் கேட்பதே நியாயமில்லை என்று சில மாணவர்கள் ஆட்சேபித்தார்கள். 1969இல் கார்லின்ஸ் குழுவினர் மூன்றாம் முறையின் முடிவுகளை வெளியிட்டபோது அது 13 சதவீதம்.

84, 41, 13. வகுப்பில் இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஆசிரியர், சமூக மாற்றம் என்று அடிக்கோடு போட்டார். நாங்கள் எழுதிக்கொண்டோம். அதே அட்டவணையில் இன்னொரு வரி இருப்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன். ‘சங்கீத ஞானம் உள்ளவர்கள்’: 26, 33, 47. ஒரு தகடு தேய்ந்துகொண்டிருந்த அதே வருஷங்களில் பக்கத்திலேயே இன்னொன்று மெருகேறிக்கொண்டிருந்தது. வசை குறைந்தது, பாராட்டு ஏறியது. ஆனால் பாராட்டிலும் அவர்கள் ‘அவர்கள்’தான்.

தேய்ந்ததாவது உண்மையா? 1995இல் டிவைன், எலியட் இருவரும் இந்த மூன்று ஆய்வுகளையும் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு பிம்பம் நடமாட்டத்தில் இருக்கிறது என்று அறிந்திருப்பது வேறு, அதைத் தானே நம்புவது வேறு, பழைய வினாத்தாள் இரண்டையும் குழப்பிவிட்டது என்றார்கள். பிரித்துக் கேட்டபோது பிம்பத்தைப் பற்றிய அறிவு மங்கவே இல்லை. அது பெரும்பாலும் கெட்ட பிம்பமாகவே இருந்தது. மாறியிருந்தது சொந்த நம்பிக்கை, அல்லது சொந்த நம்பிக்கை என்று காகிதத்தில் குறிக்கக்கூடியது.

இதைப் படிப்பதற்கு முன்பே எனக்கு இது சொல்லப்பட்டாகிவிட்டது. மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் என் வினாத்தாளை விநியோகித்தேன். ‘முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டங்கள். பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து கேட்டான்: “சார், நான் நினைக்கிறதப் போடணுமா, ஊர்ல சொல்றதப் போடணுமா?” வகுப்பு சிரித்தது. “மனசில் பட்டதைப் போடு” என்று நான் உட்காரவைத்துவிட்டேன். அந்தத் துறை அறுபது வருஷம் கழித்து வந்து சேர்ந்த கேள்வியை அவன் பேனா மூடியைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டான். அதற்கு என் வினாத்தாளில் கட்டம் இல்லை. மனசில் படுவதே ஊரில் சொல்வதுதான் என்றால் அவன் எதைப் போடுவான் என்பதற்கும் இல்லை.

இன்னொரு பழைய ஆய்வு உண்டு. 1930 முதல் 32 வரை லாப்பியர் என்ற சமூகவியலாளர் ஒரு சீனத் தம்பதியுடன் அமெரிக்காவில் காரில் சுற்றினார். 251 விடுதிகள், உணவகங்கள். ஒரே ஒரு இடத்தில்தான் அவர்களைச் சேர்க்க மறுத்தார்கள். ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்கு, சீனரை அனுமதிப்பீர்களா என்று கடிதம் எழுதிக் கேட்டார். பதில் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் அனுமதிக்க மாட்டோம் என்றார்கள். அங்கே காகிதம் கெட்டது, கை நல்லது. நம் ஊரில் நேர் எதிர். “நாங்க சாதி பாக்குறதில்ல” என்று வாய் சொல்லும். டீக்கடையில் இரண்டாவது தம்ளர் வேறு பதில் சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டு ஊர்களிலும் வினாத்தாள் பிடிப்பது வாயை மட்டும்தான்.

4

என் ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது ‘குற்றப் பரம்பரை’ என்ற பிம்பம். இங்கே படம் என்ற உருவகம் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வட இந்தியாவுக்காக இயற்றப்பட்டது. 1911இல் திருத்தி எழுதப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு கூட்டத்தாரைக் குற்றப் பரம்பரை என்று அரசு அறிவிக்கலாம். அறிவிப்பு சரியா என்று எந்தக் கோர்ட்டும் விசாரிக்க முடியாது. அறிவிக்கப்பட்டவர்களின் பெயரும் ரேகையும் பதிவேட்டில் ஏறும். ராத்திரியில் போலீஸ் கண்ணெதிரே ஆஜராக வேண்டும். வெளியூர் போவதற்குச் சீட்டு வாங்க வேண்டும். ஒருவன் திருடினானா என்பது கேள்வியே அல்ல. சந்தேகம் என்றால் நிரூபிக்கவாவது வேண்டியிருக்கும். அதற்கு அவசியமில்லாதபடி அதைப் பதிவேடாக மாற்றியதுதான் சட்டத்தின் சாமர்த்தியம்.

பதிவேட்டுக்கு முன்னால் புத்தகம். 1892இல் சென்னைப் போலீஸ் அதிகாரி முல்லாலி, மாகாணத்தின் ‘குற்ற வகுப்புகள்’ பற்றிக் குறிப்புகள் வெளியிட்டார். சென்னை மியூசியத்தில் இருந்தபடி ஜாதி ஜாதியாக மூக்கை அளந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் தென்னிந்திய ஜாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் கொண்டுவந்தார். அதில் பல இடங்களில் போலீஸ் அதிகாரிகளின் குறிப்புகளே சாட்சி. அப்புறம் போலீஸுக்கு விஞ்ஞானம் சாட்சி சொன்னது. நான் எழுதிய ஆய்வேட்டில் இரண்டாம் அத்தியாயம் ‘சமூகப் பின்னணி’. அதற்கு நானும் தர்ஸ்டனைத்தான் எடுத்தேன். எனக்கு முன்னால் எழுதிய எல்லோரும் எடுத்திருந்தார்கள். எடுக்காவிட்டால் வழிகாட்டி சிவப்பு மையில் ‘ஆதாரம்?’ என்று எழுதுவார். 1892இன் தகடு இப்படித்தான் என் கையால் இன்னொரு பிரதி ஓடியது. ஸ்டீரியோடைப்பை எதிர்த்து எழுதிய ஆய்வேட்டில்!

மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டிப் பக்கத்தில் பிரமலைக் கள்ளர்கள் மேல் இந்தச் சட்டம் விழுந்தது. அவர்கள் அதற்கு வைத்த பெயர் ‘ரேகைச் சட்டம்’. பரம்பரை, குற்றம் என்ற சர்க்கார் சொற்களை விட்டுவிட்டு, உடம்பில் நடந்ததைப் பெயராக வைத்தார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். ஒருவர் மாயக்காள் என்ற பெண். சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தாவதற்கு 1947 ஆயிற்று.

அந்த வட்டாரத்தில் ஓர் ஊருக்கு நான் போனேன். என் வினாத்தாளில் நாற்பது கேள்விகள் இருந்தன. அவர்களிடம் ஒன்றுதான் இருந்தது. “தம்பி எந்த ஊரு, என்ன ஆளுக?” தஞ்சாவூர்ப் பக்கம் என்றேன். அது பாதிக் கேள்விக்குத்தான் பதில் என்று கேட்டவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆய்வாளன் எந்தத் தகட்டில் விழுவான் என்று அவர்கள் பார்த்தார்கள். அதில் எனக்கு வருத்தப்பட உரிமை இல்லை. நான் அங்கே போனதே அவர்கள் எதில் விழுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளத்தானே.

ஒரு பெரியவர் மூன்று மணி நேரம் பேசினார். அவருடைய அய்யா தினம் ராத்திரி சாவடியில் போய்ப் படுத்த கதை. கல்யாணம் நடந்த ராத்திரிகூட விதிவிலக்கு இல்லை என்பது. ஒரு நாள் காய்ச்சலில் போகாமல் இருந்ததற்கு அடி வாங்கியது. ரெண்டு இடத்தில் அவரே சிரித்தார். பேச்சு முடிந்ததும் என் பையிலிருந்து சம்மதப் படிவத்தை எடுத்தேன். ஆய்வில் பங்கு பெறுபவரின் உரிமைகளைக் காப்பதற்காகப் பல்கலைக்கழகம் அச்சடித்துக் கொடுத்தது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு, கீழே ஒரு சின்னச் சதுரம். மைப்பெட்டியும் கொண்டுபோயிருந்தேன்.

அவர் சதுரத்தைப் பார்த்தார். மைப்பெட்டியைப் பார்த்தார்.

“இதுலயும் ரேகையா தம்பி?”

“இது உங்க பாதுகாப்புக்குத்தான் ஐயா” என்றேன்.

“அப்பவும் அப்படித்தான் சொன்னாக” என்றார். கோபம் இல்லை. வெயில் ஏறுவதற்குள் கிளம்பச் சொன்னார். மோர் கொடுத்து அனுப்பினார்.

5

இப்போது அந்த மாலை நண்பரிடம் வருகிறேன், தனிமனிதனைக் காட்டினால் ஸ்டீரியோடைப் கரைந்துவிடும் என்றவரிடம்.

ரேகையைவிடத் தனிமனிதத்தன்மை உள்ளது எது? ஒருவனுக்கு இருப்பது இன்னொருவனுக்கு இல்லை. அதை வகைப்படுத்தித் தேடும் முறை கல்கத்தாவில் உருவானது. எட்வர்ட் ஹென்றியின் கீழ் வேலை செய்த அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவரின் மூளை அதில் இருக்கிறது. 1897இல் அங்கே ரேகைக் கூடம் ஏற்பட்டது. மனிதனை மனிதனிடமிருந்து பிரித்துக் காட்டுவதில் அதுவரை யாரும் எட்டாத நுட்பம். அந்த நுட்பத்தை எதற்குப் பயன்படுத்தினார்கள்? ‘இவர்கள் எல்லோரும் ஒன்று’ என்ற அறிவிப்பை அமல்படுத்துவதற்கு. பதிவேட்டில் ஒவ்வொருவனுக்கும் பெயர் உண்டு, தகப்பன் பெயர் உண்டு, அவனுக்கே உரிய பத்து விரல் உண்டு. நம் சிறுகதைகளில் பல பாத்திரங்களுக்கு இவ்வளவு தனித்துவம் கிடையாது. ஆனாலும் அது ஸ்டீரியோடைப்பின் பதிவேடு. தனித்தன்மையும் தகடும் எதிரிகள் என்று நம் விமர்சனம் ரொம்ப காலமாக நம்பிவருகிறது. சேவகம் செய்ய வைத்தால் தனித்தன்மை தகட்டுக்குச் சேவகமும் செய்யும்.

இதை ஒப்புக்கொள்ளாமல் ‘ஸ்டீரியோடைப்’ என்ற சொல்லை நாம் ஒரு வசவாக மட்டும் வைத்திருக்கிறோம், அதுவும் மற்றவர்களைத் திட்டுவதற்கு. வாரப் பத்திரிகையின் தியாக அம்மா, சினிமாவின் மீசையும் அரிவாளும். 2000க்குப் பிறகு ‘மதுரைப் படம்’ என்று ஒரு ரகமே கிளம்பியது. சந்து, துரோகம், அரிவாள், ரத்தம். போலீஸ் பதிவேட்டில் குற்றமாக இருந்தது திரையில் வீரமாக மாறியது. அந்த வீரத்தைப் பிளக்ஸ் பேனரில் போட்டு ஊரே தூக்கிப் பிடித்தது. பிரின்ஸ்டன் அட்டவணையின் அந்த இன்னொரு வரி இதுதான். வசையைப் புகழாகத் திருப்பிப் போட்டால் தகடு உடைவதில்லை, மறுபக்கம் அச்சாகிறது.

சரி, நம் வீட்டில் என்ன இருக்கிறது? லாட்ஜ் அறையில் சிகரெட்டோடு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் படித்த இளைஞன். எல்லோரும் பொய், தான் மட்டும் கொஞ்சம் நிஜம் என்று தெரிந்துவைத்திருப்பவன். அவனுக்கு ஞானம் தருவதற்காகவே வந்துபோகும் ஒரு வேசி. மண்வாசனைக்கு ஒரு கிழவி. இவர்களை எத்தனை இதழ்களில் பார்த்துவிட்டோம்? இவையும் தகடுதான். வெகுஜனத் தகட்டுக்கு லட்சம் பிரதி, நம் தகட்டுக்கு முந்நூறு பிரதி என்பதால் அது கலை ஆகிவிடாது. அந்த இளைஞனுக்குச் சாதி இருந்ததாகப் பெரும்பாலான கதைகளில் குறிப்பே இல்லை. ‘மனிதன்’ என்று மட்டும் இருந்தான். சாதி சொல்லாமல் மனிதனாக மட்டும் இருக்க முடிகிறவன் யார் என்று நாம் கேட்டதுண்டா? கிழவிக்குச் சொன்னோம், வேலைக்காரனுக்குச் சொன்னோம். பதிவேட்டில் யார் பெயர் ஏறும், யார் பெயர் ஏறாது என்பது நம் கதைகளிலும் ஒழுங்காகவே கடைப்பிடிக்கப்பட்டிருக்கிறது.

6

முற்போக்கு நண்பருக்கு. உற்பத்தி உறவு மாறினால் பிம்பம் மாறும் என்கிறார். மாறியது என்னமோ உண்மை. உசிலம்பட்டிப் பக்கத்தில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் வந்தன. படிப்பு வந்தது, உத்தியோகம் வந்தது, சட்டசபை வந்தது. ரேகை வைத்தவரின் பேரன் போலீஸாகவே இருக்கிறான். ஆனால் அதே வட்டாரத்தில்தான் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் நாட்டார்மங்கலமும் இருக்கின்றன. 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட இந்த ஊராட்சிகளில் தலைவர் பதவியில் ஒரு தலித் உட்கார்வதைப் பத்து வருஷம் நடக்கவிடவில்லை. தேர்தல் நடக்காது, நடந்தால் ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்வார். 2006இல்தான் தேர்தல் தேர்தலாக நடந்தது.

ஒரு தகட்டின் கீழ் நசுங்கியவன் இன்னொரு தகட்டை மிதிக்க மாட்டான் என்பது நம் ஆசை. ‘பாதிக்கப்பட்டவன்’ என்பதும் ஓர் ஸ்டீரியோடைப்தான். அவன் நல்லவனாகவும் இருந்தாக வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இல்லாவிட்டால் அவன் பட்டதையே சந்தேகிக்கிறோம்.

இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேலே உள்ள பத்தியை ஒருவர் வெட்டி எடுத்து, ‘அவர்கள் எப்போதும் இப்படித்தான்’ என்று ஒட்டினால் 1892இன் குறிப்புகள் புதுப்பிக்கப்பட்டுவிட்டன. அந்தப் பயத்தால் என் ஆய்வேட்டில் பாப்பாபட்டி பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. வழிகாட்டிக்கு நிம்மதி. எனக்கும் நிம்மதி. ஆனால் அந்த மௌனமும் ஒரு தகடு என்பது அப்போது புரியவில்லை. ரேகைச் சட்டத்தை எழுதிவிட்டு ஊராட்சியை எழுதாதவன் ஒரு ஜாதியைப் பாதுகாக்கிறான். ஊராட்சியை எழுதிவிட்டு ரேகைச் சட்டத்தை எழுதாதவன் போலீஸுக்கு வேலை செய்கிறான். இரண்டையும் ஒரே பக்கத்தில் கோத்துத்தான் ஆகவேண்டும். சங்கடமாகத்தான் இருக்கும். அந்தச் சங்கடம் கோப்பவனுடைய வேலையின் பகுதி.

சந்தித்துப் பழகினால் தப்பெண்ணம் போகும் என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1954இல் ஆல்போர்ட் சொன்னதாக மேடைகளில் இதைச் சொல்கிறார்கள். அவர் நிபந்தனைகளோடு சொன்னார்: சம அந்தஸ்து, பொதுவான லட்சியம், ஒத்துழைப்பு, சட்டம் அல்லது அதிகாரத்தின் ஆதரவு. நிபந்தனைகளைக் கழற்றிவிட்டுப் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், தமிழ்க் கிராமத்தைப் போலப் பழகிய இடம் உலகத்தில் இல்லை. ஊரும் சேரியும் நூற்றாண்டுகளாகத் தினம் பழகியிருக்கின்றன, வாசலுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் நின்று.

7

பிறகு என்னதான் செய்வது என்று கேட்பார்கள். மாணவனிடம் திட்டம் கேட்பது வழக்கம்.

தகட்டைத் தேடுங்கள் என்கிறேன், மண்டைக்குள் அல்ல, அலமாரிக்குள். குற்றப் பரம்பரைச் சட்டம் 1947இல் இங்கே போயிற்று, 1952இல் நாடு முழுக்கப் போயிற்று. அதற்குள் ‘வழக்கமான குற்றவாளிகள்’ சட்டங்கள் வந்துகொண்டிருந்தன. சென்னையில் 1948இலேயே வந்தது. சிறைக் கையேடுகளில் ஜாதிக்கேற்ற வேலையும், பழைய பட்டியல் ஜாதிகள் பற்றிய எச்சரிக்கையும் சுதந்திரத்துக்குப் பின்னும் குந்தியிருந்தன. சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் அவற்றைத் தோண்டி எடுத்து எழுதி, வழக்கும் போட்டார். 2024 அக்டோபர் 3ஆம் தேதி உச்சநீதிமன்றம் சிறைப் பதிவேடுகளில் உள்ள ஜாதிப் பத்தியை நீக்கச் சொன்னது. பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களைப் பிறப்பை வைத்து ‘வழக்கமான குற்றவாளி’ ஆக்கக்கூடாது என்றது. 1947இலிருந்து எண்ணினால் 77 வருஷம். இத்தனை காலமும் எத்தனையோ தலைகள் மாறின, செத்தன, புதிதாகப் பிறந்தன. கையேடு அப்படியே இருந்தது. என்னைப் போன்றவர்கள் கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பையன்களின் மனசை ஐந்து கட்டங்களில் அளந்துகொண்டிருந்தோம். ஒரு பத்திரிகையாளர் கையேட்டைப் பிரித்துப் படித்தார்.

தீர்ப்போடு எல்லாம் முடிந்ததென்று நான் சொல்லவில்லை. தகட்டை எடுத்துவிட்டாலும் மிதித்துப் பழகிய கால் கொஞ்ச நாள் மிதித்துக்கொண்டேதான் இருக்கும். ஆனால் எது முதல் வேலை என்பதில் எனக்கு இனிச் சந்தேகம் இல்லை. எழுத்தாளனுக்கும் அதுவே வேலை என்பேன். அடுத்தவன் தகட்டைக் காட்டிச் சிரிப்பதற்கு முன்னால் தன் கதையில் யாருக்குச் சாதி இருக்கிறது, யாருக்கு இல்லை என்று எண்ணிப் பார்க்கட்டும். அதற்கு முற்போக்காக இருக்க வேண்டாம், நவீனமாகவும் இருக்க வேண்டாம். எண்ணத் தெரிந்தால் போதும்.

பெரியவர் ரேகை வைக்காததால் அவர் பேசியதை ஆய்வேட்டில் சேர்க்க முடியவில்லை. விதி அப்படி. ரேகை வைத்தவர்களின் பதில்கள் அட்டவணையாகி, அட்டவணை முடிவாகி, முடிவு பட்டமாயிற்று. அவருடைய படிவம் என்னிடம்தான் இருக்கிறது. மற்ற இடங்களை எல்லாம் நானே பூர்த்தி செய்திருக்கிறேன்: ஊர், வயது, பால், ஜாதி. சதுரம் மட்டும் காலி. என் ஆராய்ச்சியில் யாரும் என் கேள்விக்கு எழுதாமல், தன் கேள்விக்கு எழுதிய ஒரே பதில் அது.